பிடிக்கு என்ன விலை?

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை. பெங்களூரு கண்டீரவா உள்விளையாட்டரங்கில் தமிழ் தலைவாஸ் அணியும் குஜராத் ஜெயன்ட்ஸ் அணியும் மோதின. தலைவாஸ் சட்டையில் இறங்கியவர் பவன் செராவத். அந்த ஆண்டு ஏலத்தில் அவருக்குக் கொடுத்த விலை 2.26 கோடி ரூபாய். புரோ கபடி லீகில் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பெங்களூருக்கு அவர் புதியவரும் அல்ல. 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒற்றை ஆளாக 22 புள்ளி எடுத்து, பெங்களூரு புல்ஸுக்கு அதன் ஒரே கோப்பையை வாங்கித் தந்தவர் அவர்தான்.

ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் பவன் கீழே விழுந்தார். புள்ளி எடுக்கப் பாடிப் போனபோது அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனபோது. முழங்காலில் அடி. வெளியே கொண்டுபோனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை.

இரண்டே கால் கோடி போன பிறகு மிச்சமிருந்தது யார்? சாகர் ராத்தி, சாஹில் குலியா, மோஹித், ஹிமான்ஷு, தமிழ்நாட்டின் அபிஷேக் என்று ஏலச் செய்திகளில் தலைப்பு பிடிக்காத இளம் தடுப்பாட்டக்காரர்கள். கூட, முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் என்ற ரைடர். தொடக்கத்தில் அணி தடுமாறியது, நடுவழியில் பயிற்சியாளர் உதயகுமார் விலகினார், அஷன் குமார் வந்தார். அந்தப் பையன்கள்தான் தமிழ் தலைவாஸை வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். உ.பி. யோதாஸுடன் 36-36 சமநிலை, பிறகு டை-பிரேக்கரில் 6-4 வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளியில் இறுதி ஆட்டம் கைநழுவியது.

இந்தக் கதையைப் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பார்க்கும்போது அதற்கு இன்னொரு முகம் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் என்று நீளும் இந்தத் தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியில் தமிழ் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. கண்டீரவா அரங்கம் ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். கபடி சீசன் வந்தால் இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டு அணிகள்: குடியிருக்கும் ஊருக்கு புல்ஸ், பேசும் மொழிக்கு தலைவாஸ். இரண்டும் மோதும் நாளில் ஒரே சோபாவில் இரண்டு கட்சி உட்கார்ந்திருக்கும். இரண்டு அணிகளுமே கடந்த சில ஆண்டுகளில் அடிமட்டத்துக்குப் போயிருக்கின்றன. இரண்டுமே எழுந்தும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது: பாடுகிறவருக்குப் பணம் கொட்டிய ஆண்டுகளில் இவை விழுந்தன. பிடிக்கிறவர்களைச் சேர்த்துக் கட்டிய ஆண்டுகளில் எழுந்தன.

பாடுகிறவர் பக்கம் கண் போவது இயல்பு. சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'கில்லி'யிலும் 'வெண்ணிலா கபடிக்குழு'விலும் 'பைசன்' படத்திலும் நாம் கோட்டைத் தொட்டுவிட்டு வருகிறவனுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கால்பந்திலும் அப்படித்தான். பெங்களூரு கன்டோன்மென்ட்டின் கால்பந்துப் பெருமையைச் சொல்லும்போது வரும் பெயர்கள் எல்லாம் முன்னால் நின்று ஆடியவர்களுடையவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன், ஈஸ்ட் பெங்கால் அணியின் 'பஞ்ச பாண்டவ'ரில் இடம்பெற்ற தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம். அந்த அணிகளில் பின்னால் நின்று பந்தை மறித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ரசிகரின் கண் அங்கே போவதில் குற்றமில்லை. அணியை வாங்கி நடத்துகிறவரின் கண்ணும் அங்கேயே நிற்பதுதான் சிக்கல்.

கபடியில் இந்தச் சாய்வு புள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு ரைடர் ஒரே பாட்டில் நான்கு பேரைத் தொட்டு நான்கு புள்ளி கொண்டுவரலாம். ஆறு பேரோ அதற்கு மேலோ எதிரே நின்றால் போனஸ் கோட்டைத் தொட்டு இன்னொரு புள்ளி. பிடிக்கிறவருக்கு எவ்வளவு அருமையான பிடியாக இருந்தாலும் ஒன்று. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு. அதற்கு மேல் வழியே இல்லை. ஒரு ஆட்டத்தில் ரைடர் 10 புள்ளி எடுத்தால் 'சூப்பர் டென்' என்று கொண்டாடுகிறார்கள். தடுப்பாட்டக்காரர் 5 எடுத்தால் அதுவே 'ஹை ஃபைவ்'. ஒட்டுமொத்தக் கணக்கில் பிரதீப் நர்வால் 1,800 ரைடு புள்ளிகளைத் தாண்டியவர். பிடிப்பதில் முதல்முதலாக 500-ஐத் தொட்டவர் ஈரானின் ஃபஸல் அட்ராச்சலி. இரண்டும் அவரவர் துறையில் சிகரம். ஆனால் பட்டியலைப் புரட்டுகிற முதலாளிக்கு ஒன்று மூன்று மடங்கு உயரமாகத் தெரியும்.

ஏலத்தில் இதுவே பணமாக மாறுகிறது. அண்மைச் சீசன்களில் ஒரு அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி ரூபாய். அதில் ஒரு ரைடருக்கு இரண்டு கோடி போனால் மீதி மூன்று கோடியில் இன்னும் பதினைந்து, இருபது பேரை எடுக்க வேண்டும். அந்த மிச்சத்தில்தான் பெரும்பாலும் தடுப்பாட்டம் கட்டப்படுகிறது. ஏழு பேர் களத்தில் நிற்கும் ஆட்டத்தில், பாதி நேரம் ஏழு பேருமே தடுப்பாட்டக்காரர்கள்தான் என்பதை மறந்துவிட்டு.

ஒரு பிடி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ரைடரைப் பிடித்தால் ஒரு புள்ளி. அத்துடன் அவர் வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய அணி புள்ளி எடுத்து ஆளை உயிர்ப்பித்தால்தான் உள்ளே வரலாம், அதுவும் யார் முதலில் வெளியேறினாரோ அந்த வரிசைப்படி. எதிரணியின் நட்சத்திர ரைடரை முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்து உட்கார வைத்தால், அவர் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிடியின் சம்பாத்தியம். எதிரணி இரண்டாம் நிலை ரைடரை அனுப்ப வேண்டும். அவரும் மாட்டினால் ஆட்கள் குறைவார்கள், ஆல் அவுட் நெருங்கும், அதற்கு இரண்டு புள்ளி கூடுதல். இவ்வளவையும் தொடங்கி வைத்தவரின் கணக்கில் எழுதப்படுவது 'ஒன்று'.

இது ஒரு பக்கம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. இடது ஓரத்தில் நிற்கும் 'கார்னர்' ரைடரின் கணுக்காலைப் பிடிக்கிறார். பிடித்த கையோடு ரைடர் அவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார். அந்த அரை நொடியில், கார்னருக்கு அடுத்து உள்ளே 'கவர்' நிலையில் நிற்பவர் குறுக்கே வந்து மோதவில்லை என்றால், அது பிடி அல்ல, எதிரணிக்குப் புள்ளி. கவர் வருகிறார், பக்கத்தில் கைகோத்துச் 'செயின்' பிடித்திருந்த இருவரும் மேலே விழுகிறார்கள், ரைடர் அமுங்குகிறார். புள்ளி யார் பெயரில்? முதலில் கை வைத்தவர் பெயரில். தேர் நகர்ந்ததற்கு முதல் கயிற்றைத் தொட்டவருக்கு மட்டும் மாலை போடுவதைப் போன்ற கணக்கு இது. குறுக்கே வந்து வழியை அடைத்தவருக்கு அந்தத் தாளில் இடமில்லை. அவசரப்பட்டுப் பாயாமல் தன் இடத்தில் நின்று, ரைடரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவருக்கும் இல்லை. ஆனால் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது பாட்டு 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் வெளியே. அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் சும்மா நின்றவர்தான்.

ஏலத்தில் தனி மனிதர்களுக்குத்தான் விலை வைக்கிறார்கள். கார்னருக்கும் கவருக்கும் நடுவே இருக்கும் அந்த அரை நொடிப் புரிதலுக்கு ஏலத்தில் பெயர் கிடையாது, அடிப்படை விலை கிடையாது. அதனால் அது மலிவாகக் கிடைக்கிறது, தெரிந்தவர்களுக்கு.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு அணியையே திருப்பிப் போட்ட கதை அமெரிக்காவில் உண்டு. நம் ஊருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் அவ்வளவு பழக்கமில்லை. 2012-இல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஒன்றைத் தொடங்கினார்கள், பெங்களூரு பெயரிலும் அதில் அணி இருந்தது, நிலைக்கவில்லை. ஆனால் ஆளைப் பிடித்துச் சாய்ப்பதே தடுப்பாட்டம் என்ற வகையில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கிரிக்கெட்டைவிடக் கபடி நெருங்கிய உறவு.

அங்கே சியாட்டில் சீஹாக்ஸ் என்ற அணி 2009-இல் 16 ஆட்டத்தில் 5 மட்டும் வென்றது. 2010-இல் பீட் கேரல் பயிற்சியாளராகவும், ஜான் ஷ்னைடர் பொது மேலாளராகவும் வந்தார்கள். சீஹாக்ஸ் ஆடும் லீகில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் போகிறவருக்குப் பெரும் பணம், ஐந்தாவது சுற்றுக்குப் போனால் செய்தியில்கூட வரமாட்டார். கேரலும் ஷ்னைடரும் அந்தக் கடைசிச் சுற்றுகளில் தடுப்பாட்டத்தைத் தேடினார்கள். கேம் சான்சலர், ஐந்தாவது சுற்று, 133-ஆவது ஆள். ரிச்சர்ட் ஷெர்மன், ஐந்தாவது சுற்று, 154-ஆவது ஆள். கல்லூரியில் பந்து பிடிக்கும் முன்னாட்டக்காரராக இருந்து பாதியில் தடுப்புக்கு மாறியவர் ஷெர்மன், அதனால் பல அணிகள் அவரைச் சீந்தவில்லை. பைரன் மேக்ஸ்வெல், ஆறாவது சுற்று. மால்கம் ஸ்மித், ஏழாவது சுற்று. பிராண்டன் பிரௌனரைக் கனடா லீகிலிருந்து அழைத்துவந்தார்கள். மைக்கேல் பென்னட்டைக் கல்லூரி முடித்தபோது ஏழு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்கள் உதறிய காரணம்தான் இவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் பந்தை எதிர்கொள்ளும் ஓரத் தடுப்பாட்டக்காரர் குள்ளமாக, வேகமாக இருக்க வேண்டும் என்பது பொதுக் கருத்து. ஷெர்மனும் பிரௌனரும் ஆறடிக்கு மேல், கை நீளம். பந்துக்காரர் ஓடத் தொடங்கும் முன்பே மார்பில் கை வைத்து மறிப்பதற்கு அந்த நீளக் கை உதவும் என்று கேரல் கணக்குப் போட்டார். அவருடைய ஆட்டமுறைக்கு எந்த உடல் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தை வேறொரு உடலுக்கு விலை வைத்துக்கொண்டிருந்தது.

2013 சீசனில் சியாட்டில்தான் குறைந்த புள்ளி கொடுத்த அணி. குறைந்த தூரம் விட்டுக்கொடுத்ததும், பந்தை அதிக முறை பறித்ததும் அவர்கள்தான். 2014 பிப்ரவரி 2 சூப்பர் பவுல் இறுதியில் எதிரே நின்றது டென்வர் பிராங்கோஸ். அந்த சீசனில் 606 புள்ளி குவித்து லீக் சாதனை படைத்த தாக்குதல் அணி. முடிவு: சியாட்டில் 43, டென்வர் 8. ஆட்ட நாயகன் யார்? ஏழாவது சுற்றில் எடுத்த மால்கம் ஸ்மித்.

ஷெர்மன் விஷயத்தில் நம் கபடிக்குப் பொருந்தும் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் நன்றாக ஆட ஆட, எதிரணி அவர் பக்கம் பந்தையே எறியாமல் போனது. பந்து வராவிட்டால் அவர் எதைப் பறிப்பது? தாளில் அவர் சும்மா நின்றதாகத்தான் பதியும். மைதானத்தின் ஒரு பாதியையே அவர் பூட்டி வைத்திருந்தார் என்பது ஆட்டத்தைப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். நல்ல கார்னர் பக்கம் ரைடர் போகாமல் எதிர்ப்பக்கமே சுற்றுவதைக் கபடியில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

தலைவாஸுக்கு வருவோம். 2017-இல் லீகுக்குள் வந்ததிலிருந்து முதல் மூன்று சீசன்களும் பெயர் பெற்றவர்களை நம்பிய சீசன்கள். அஜய் தாக்கூர், ஜஸ்வீர் சிங், மஞ்சித் சில்லர், 2019-இல் 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரி. அந்த 2019 அணியைக் காகிதத்தில் பார்த்தால் இந்தியக் கபடியின் அருங்காட்சியகம். முடிவில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம், 22 ஆட்டத்தில் 4 வெற்றி. அதன் பிறகுதான் ஏறக்குறைய எல்லோரையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். கவர் நிலையின் அனுபவசாலி சுர்ஜித் சிங்கைத் தலைவராக்கி, அவருக்குப் பக்கத்தில் இளைஞர்களை நிறுத்தினார்கள். இடத்தில் பார்த்தால் அந்த எட்டாவது சீசனில் பதினொன்றாம் இடம்தான், யாரும் பாராட்டவில்லை. ஆனால் வலது கார்னரில் நின்ற சாகர் ராத்தி 82 பிடிப் புள்ளிகளுடன் லீகிலேயே இரண்டாவதாக வந்தார். தோற்ற ஆட்டங்களிலும் தடுப்பு இறுகிக்கொண்டே வந்தது, ஆறு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. அடுத்த ஆண்டு பவன் விழுந்தபோது அணி விழாமல் நின்றதற்கு அடித்தளம் அந்தப் பதினொன்றாம் இடத்தில் போட்டது. புள்ளிப் பட்டியல் மட்டும் பார்த்து ஒரு ஆண்டைத் தோல்வி என்று எழுதிவிடுகிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

அந்த எட்டாவது சீசன் முழுக்க நடந்தது பெங்களூருவில்தான். கொரோனா காரணமாக வைட்ஃபீல்டில் ஒரு ஓட்டலுக்குள் ஆள் நடமாட்டமில்லாமல் அத்தனை ஆட்டங்களையும் ஆடி முடித்தார்கள். அதற்கான ஏலத்தில் பிரதீப் நர்வாலை உ.பி. யோதா 1.65 கோடிக்கு எடுத்தது, அப்போது அதுதான் சாதனை விலை. தபாங் டெல்லி வேறு வேலை பார்த்தது. ஜோகிந்தர் நர்வால், மஞ்சித் சில்லர், தமிழ்நாட்டின் ஜீவா குமார் என்று வயது முப்பதைத் தாண்டிய தடுப்பாட்டக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்தது. கிழவர் கூட்டம் என்ற பேச்சு எழுந்தது. 2022 பிப்ரவரி 25, இறுதி ஆட்டம்: டெல்லி 37, பாட்னா 36.

ஜீவா குமாரைப் பற்றி நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கவர் நிலையில் நிற்பவர், அதாவது பெரும்பாலும் 'இரண்டாவது கை'. இரண்டாவது சீசனில் யு மும்பா கோப்பை வென்றபோது அதில் இருந்தார். 2019-இல் பெங்கால் வாரியர்ஸ் வென்றபோது இருந்தார். எட்டாவது சீசனில் டெல்லி வென்றபோதும் இருந்தார். மூன்று வெவ்வேறு அணிகள், மூன்று கோப்பைகள். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டிலோ, இங்கே தமிழ் வீடுகளிலோ அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேர் தலையாட்டுவார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தர்மராஜ் சேரலாதனும் அப்படித்தான். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். தொடக்கத்தில் பெங்களூரு புல்ஸின் தடுப்பில் நின்றவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவரை இந்த நகரம் வைத்துக்கொள்ளவில்லை. 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அவரைத் தலைவராக்கியது. ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 41. அதே அணியில் பிரதீப் நர்வால் என்ற இளம் ரைடர் ஒளிர்ந்துகொண்டிருந்தார், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பின்னால் நின்று யார் எப்போது பாய வேண்டும், எப்போது விட வேண்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் சேரலாதன். வடக்கத்திப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள்.

புல்ஸின் கதை இன்னும் அண்மையது, இன்னும் வலிப்பது. பதினொன்றாவது சீசனுக்கு, 2024-இல், அவர்கள் அஜிங்க்யா பவாரை 1.107 கோடிக்கும், பிரதீப் நர்வாலை 70 லட்சத்துக்கும் எடுத்தார்கள். இரண்டு பேரும் ரைடர்கள். கடைசி இடம். 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. அந்த சீசனில் கோப்பை வென்ற ஹரியாணா ஸ்டீலர்ஸ் இறுதியில் பாட்னாவைப் பிடித்து வைத்த புள்ளி 23 (முடிவு 32-23). ஜெய்தீப், ராகுல் என்று வருடக்கணக்காகச் சேர்ந்து நின்ற தடுப்பு ஜோடிகளின் மேல் கட்டிய அணி அது. அதற்கு முந்தைய ஆண்டும் அவர்கள் இறுதி ஆட்டம்வரை வந்தவர்கள். அந்த ஜோடிகளைக் கலைக்காமல், மேலே ஷத்லூயி என்ற ஈரானியரை 2.07 கோடிக்குச் சேர்த்தார்கள். விலை அதிகம்தான். ஆனால் அடித்தளத்தை மலிவாகப் போட்டுவிட்ட வீட்டுக்கு ஒரு நல்ல கதவு வாங்கப் பணம் மிஞ்சும்.

அதன் பிறகு, பன்னிரண்டாவது சீசனுக்கு, புல்ஸ் பி.சி. ரமேஷை அழைத்தது. கர்நாடகத்துக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். பெங்கால் வாரியர்ஸுக்கும் புனேரி பல்தானுக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். புனே வென்ற 2024 மார்ச் 1 இறுதி ஆட்டத்தின் முடிவு 28-25. அவர் அணிகளின் முத்திரை அந்த இறுக்கம். புல்ஸில் அவர் ஏலத்தில் பெரிய தொகையைப் போட்டது வலது கார்னர் யோகேஷ் தஹியாவுக்கு, 1.125 கோடி. யோகேஷை அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் புதுமுக வீரராகக் கண்டெடுத்தது டெல்லி. அப்போது பெயர் தெரியாத பையன். அதுபோல அங்குஷ் ராத்தி, ஒன்பதாவது சீசனில் அறிமுகமாகி 89 பிடிப் புள்ளியோடு லீகில் முதலிடம் பிடித்து ஜெய்ப்பூரின் கோப்பைக்குத் துணைநின்றவர். இருவரையும் இரண்டு ஓரங்களில் நிறுத்தினார் ரமேஷ். பாடுவதற்கு ஈரானின் அலிரெசா மிர்சாயான் போன்ற, அதிகம் பேசப்படாத ஆட்கள். தொடக்க ஆட்டங்களில் தோல்வி, மறுபடியும் பழைய கதைதான் என்றே தோன்றியது. லீக் சுற்று முடிவில் மூன்றாம் இடம். முந்தைய ஆண்டின் பன்னிரண்டாம் இடத்திலிருந்து மூன்றுக்கு. அதைத் தங்கள் ஊர் அரங்கில் பார்க்கும் பாக்கியம் பெங்களூரு ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பருக்குப் பிறகு அதுவரை கண்டீரவாவில் லீக் ஆட்டங்களே நடக்கவில்லை, அந்த சீசன் விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி என்று போய்விட்டது.

அதே சீசனில் தலைவாஸ் திரும்பவும் ரைடர் பக்கம் போனார்கள். அர்ஜுன் தேஷ்வால் 1.405 கோடி, பவன் செராவத் 59.5 லட்சம். பவன் சீசன் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே அணியிலிருந்து அனுப்பப்பட்டார். அரையிறுதிவரை போன அணி அந்த சீசனைப் பத்தாம் இடத்தில் முடித்தது.

நியாயமாகச் சொன்னால், தடுப்பு மட்டும் போதும் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்யக்கூடாது. 2023-24 சீசனில் தலைவாஸ் தங்கள் இளம் தடுப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருந்தும் ஒன்பதாம் இடத்துக்குத்தான் வந்தார்கள். நரேந்தருக்குத் துணையாக இன்னொரு ரைடர் நிலையாக எழவில்லை. பிடித்துப் பிடித்து வைத்தாலும் எடுத்துவர ஆள் வேண்டும். ஆனால் இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறது, எதை முதலில் கட்டினால் மற்றதற்குக் காசு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. மலிவு நீடிக்காது. சியாட்டிலில் ஷெர்மனின் அடுத்த ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 5.6 கோடி டாலர். மேக்ஸ்வெல்லை 2015-இல் பிலடெல்பியா பெரும் பணம் கொடுத்துக் கொண்டுபோனது, அங்கே அவர் பழைய ஆளாக இல்லை. ஷெர்மனும் சான்சலரும், அவர்களோடு தடுப்பில் நின்ற எர்ல் தாமஸும் பக்கத்தில் இல்லாத மேக்ஸ்வெல் அவர். தனி ஆளை வாங்கியவர்கள், அவர் நின்ற வரிசையை வாங்க முடியவில்லை.

2025 அக்டோபர் 31 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தை இங்கே பலர் வீட்டிலிருந்து பார்த்திருப்பார்கள். தபாங் டெல்லி 31, புனேரி பல்தான் 28. பயிற்சியாளர் ஜோகிந்தர் நர்வால், வைட்ஃபீல்டில் கோப்பையைத் தூக்கிய அதே 'கிழவர்'. கடைசி நேரத்தில் புனேயின் ஆதித்யா ஷிண்டேயைப் பிடித்து வெற்றியை உறுதிசெய்தவர் ஃபஸல் அட்ராச்சலி. ஒருகாலத்தில் 1.60 கோடிக்குப் போனவர், அந்த முறை அதில் ஒரு சிறு பகுதிக்கு டெல்லிக்குக் கிடைத்தார். அவருக்குத் துணையாகக் கவரில் நின்றவர் சுர்ஜித் சிங். எட்டாவது சீசனில் தமிழ் தலைவாஸ் தலைவர். பத்தாவது சீசனில் பெங்களூரு புல்ஸ் வீரர். ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழர்களின் இரண்டு அணிகளும் வைத்திருந்து, இரண்டும் விட்டுவிட்ட ஆள்.

இனி ஏலத்துக்கு முன் இந்த இரண்டு அணிகளின் ஆட்களும் தஞ்சை, சேலம், தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க் கபடிப் போட்டிகளுக்கும், மண்டியா பக்கத்துப் போட்டிகளுக்கும் போகத்தான் போகிறார்கள். புள்ளி நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் வேறொரு தாளில் சில விஷயங்களை எழுதிக்கொள்ளட்டும். கார்னர் கை வைத்த பிறகு கவர் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறார். எந்தப் பக்கம் ரைடர்கள் போகத் தயங்குகிறார்கள். டூ ஆர் டை பாட்டில் யார் முந்திப் பாய்கிறார், யார் காத்திருக்கிறார். எதிரணியின் முதல் ரைடர் மொத்தம் எத்தனை நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தார், அவரை உட்கார வைத்த பிடியில் இருந்த இரண்டாவது, மூன்றாவது கைகள் யாருடையவை. அந்தத் தாளில் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், இருவரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஒரே ஊர்க் குழுவில் சின்ன வயதிலிருந்து சேர்ந்து நின்ற இருவராக இருந்தால், புதுமுகங்களுக்கான தொகையிலேயே இருவரையும் சேர்த்து எடுத்துவிடலாம்.